மில் கணினியின் நேரம் பிந்துவது கேர்னலின் பிழையா?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். சம்மாந்துறையில் உங்கள் மாமாவின் அரிசி ஆலையில், லொறி நிறுக்கும் தராசோடு இணைத்த ஒரு பழைய மேசைக் கணினி இருக்கிறது. அதில் லினக்ஸ் இயங்குதளம், அதன் உள்மையம்தான் கேர்னல். தராசு விற்றவர்கள் தந்த மொடியூல் (கேர்னலோடு சேரும் சிறு நிரல்) ஒன்றைக் கேர்னலில் ஏற்றினால்தான் நிறை திரைக்கு வரும். பில்லில் நேரமும் அச்சாகும். காலை எட்டு மணிக்குக் கைத்தொலைபேசியைப் பார்த்து நேரத்தைச் சரிசெய்தால், பின்னேரம் நாலு மணிக்கு எட்டு நிமிடமளவில் பிந்தி நிற்கிறது. பற்றரி மாற்றியும் பலனில்லை. ரிப்பெயர்காரர் கரண்ட் ஏறி இறங்குவதால் என்கிறார், கம்பஸில் படிக்கிற கூட்டாளி கேர்னலில் பிழை என்கிறார். கேர்னலைத் திறந்து, பிந்துகிற அளவைக் கூட்டிவிட்டால் சரிவருமா என்பது உங்கள் கேள்வி.

இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. நேரம் எந்த இடத்தில் தொலைகிறது, அதை எந்த இடத்தில் திருத்துவது. முதலாவதற்கு விடை தெரியாமல் இரண்டாவதில் கை வைக்கக்கூடாது. கல்லடியில் இருந்துகொண்டு சிறு கருவிகளுக்கு லினக்ஸ் கேர்னலைப் பொருத்திக் கொடுப்பதுதான் பல வருடமாக என் தொழில். நேரம் பிழைக்கிற கணினிகளில், குற்றம் கேர்னலின் நேரக் கணக்கிலேயே இருந்தது மிகக் குறைவு. அங்கே தெரிகிறது, ஆனால் வேறெங்கோ நடக்கிறது. உங்கள் கணினியை நான் கண்ணால் காணவில்லை, ஆகவே எது நிச்சயம், எது என் ஊகம் என்பதைப் பிரித்தே சொல்கிறேன்.

பற்றரியையும் கரண்டையும் நிச்சயமாகக் கழித்துவிடலாம். மதர்போர்டில் இருக்கிற வட்டப் பற்றரி, கணினி அணைந்திருக்கும் நேரத்தில் ஆர்டிசி என்ற சின்னக் கடிகாரத்தை ஓட வைப்பதற்கு. அந்தக் கடிகாரத்துக்கென்று 32,768 ஹேர்ட்ஸில் (செக்கனுக்கு அத்தனை தடவை) அதிரும் பளிங்கு ஒன்று தனியாக உண்டு. லினக்ஸ் ஏறும்போது ஒருதரம் அதைப் பார்த்து நேரத்தை எடுத்துக்கொள்ளும். மறுகா நாள் முழுக்கத் தன்பாட்டில்தான் எண்ணும். பற்றரி செத்தால் காலையில் போடும்போதே நேரம் பிழைத்திருக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகப் பிந்தாது. ஒன்றைக் கவனியுங்கள், சில லினக்ஸ் தொகுதிகள் அணைக்கும்போது தங்கள் நேரத்தை ஆர்டிசிக்கு எழுதிவிட்டுப் போகும். பிந்திய நேரம் அப்படியே அதற்குள்ளும் ஏறும். அடுத்த நாள் காலையிலும் பிழையாகக் காட்டினால் எவருக்கும் பற்றரி மேல்தான் சந்தேகம் வரும். கரண்டைப் பொறுத்தவரை, சுவரில் செருகும் சில மின்கடிகாரங்கள் 50 ஹேர்ட்ஸ் ஆடலோட்டத்தை எண்ணி ஓடுபவை. கணினி அதை எண்ணுவதில்லை. பவர் சப்ளையைத் தாண்டி உள்ளே போவது நேரோட்டம் மட்டும்தான். மில்லில் மோட்டர் ஓடினால் என்ன, ஜெனரேற்றர் ஓடினால் என்ன, கணினி நின்றுபோகாதவரை நேரம் அதனால் பிந்தாது.

இனிப் பிழையின் உருவத்தைப் பார்க்க வேண்டும். சரியாக ஐந்தரை மணித்தியாலம் வித்தியாசம் என்றால், ஆர்டிசியில் இருப்பது உலக நேரமா உள்ளூர் நேரமா என்ற குழப்பம். சரியாக அரை மணி என்றால் நேர வலயக் கோப்பு பழையது. 1996 மே மாதத்தில் நாட்டின் நேரத்தை ஆறரைக்கு மாற்றினார்கள், அதே வருடம் ஒக்டோபரில் ஆறுக்கு, 2006 ஏப்ரலில் திரும்ப ஐந்தரைக்கு. “பழைய நேரமா, புது நேரமா” என்று கேட்டுக்கேட்டுக் காலம் கழித்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. இந்த இரண்டு வகையும் கேர்னலுக்கு வெளியே உள்ளவை. கேர்னல் உள்ளே உலக நேரத்தை மட்டும் வைத்திருக்கும், வலயத்தைக் கூட்டுவது மேலே உள்ள மென்பொருள். உங்களுடையது இவை எதுவுமில்லை. மெல்ல மெல்லப் பிந்துகிறது, அதாவது வேகம் பிழை.

எட்டு மணித்தியாலத்தில் எட்டு நிமிடம் என்றால் நிமிடத்துக்கு ஒரு செக்கன், நூற்றுக்கு 1.67. இந்த எண்ணைக் கண்டவுடன் பளிங்கு கெட்டுவிட்டது என்ற எண்ணத்தையும் நான் விட்டுவிட்டேன். சாதாரண மதர்போர்டுப் பளிங்கு பத்து இலட்சத்துக்குச் சில பத்துகள் அளவில்தான் விலகும். பத்து இலட்சத்துக்கு 20 என்று வைத்தால் ஒரு நாளைக்கு 1.7 செக்கன். நம் மே மாத வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே இருந்தாலும் அது சில செக்கன்களுக்கு மேல் போகாது. உங்களுடையது பத்து இலட்சத்துக்கு 16,700. இன்டர்நெட் நேரச் சேவையை அப்படியே போட்டுவிட்டால் என்ன என்று சிலர் சொல்வார்கள். அந்தச் சேவையின் வழக்கமான என்டிபி முறை கேர்னலின் வேகத்தைத் திருத்தக்கூடிய உச்ச அளவு பத்து இலட்சத்துக்கு 500, ஒரு நாளைக்கு 43 செக்கன். உங்கள் பிழை அதைப்போல முப்பது மடங்குக்கு மேல். ஆகவே அது அடிக்கடி நேரத்தைத் தூக்கித் தூக்கிப் போடும், வேகத்தைச் சரிசெய்யாது.

கேர்னல் நேரத்தை எப்படி வைத்திருக்கிறது என்பது இங்கே தேவைப்படுகிறது. அது கடிகாரம் எதையும் ‘பார்ப்பதில்லை’. ஓயாமல் கூடிக்கொண்டிருக்கும் ஓர் எண்ணியை வாசிக்கிறது. போன தடவை வாசித்ததற்கும் இப்போதைக்கும் உள்ள வித்தியாசத்தை நனோ செக்கனாக மாற்றிக் கூட்டிக்கொள்கிறது. எந்த எண்ணி என்றால், கேர்னல் தெரிவு செய்யக் கணினியில் நாலைந்து உண்டு. செயலிக்குள்ளேயே இருக்கிற டிஎஸ்சி மிக வேகமானது. ஆனால் பழைய செயலிகளில் செயலி வேகம் குறையும்போது அதுவும் குறையும், ஆழ்ந்த ஓய்வில் நின்றே போகும். அடுத்தது எச்பெட், மதர்போர்டில் இருக்கிற இன்னோர் எண்ணி. அதற்கடுத்தது ஏசிபிஐ பவர் மனேஜ்மென்ட் டைமர், 35,79,545 ஹேர்ட்ஸ். இவை எதுவும் கிடைக்காவிட்டால் கடைசிப் புகலிடம் ஜிஃபீஸ். அது எண்ணியே இல்லை. டைமர் இன்டரப்ட், அதாவது செயலியைத் தட்டிக் கூப்பிடும் சைகை, வரும்போதெல்லாம் கேர்னல் தானே ஒன்றைக் கூட்டிக்கொள்வது. பல லினக்ஸ் தொகுதிகளில் செக்கனுக்கு 250 தடவை, அதாவது நாலு மில்லி செக்கனுக்கு ஒன்று. முதல் மூன்றிலும், கேர்னல் கொஞ்ச நேரம் வேறு வேலையாக இருந்தாலும் எண்ணி தன்பாட்டில் ஓடும், பிறகு வாசித்தால் சரியான எண் இருக்கும். ஜிஃபீஸில் அப்படியில்லை. இன்டரப்டைத் தவறவிட்டால் அந்த நாலு மில்லி செக்கன் போனதுதான்.

இப்போது நீங்கள் கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதிய விஷயத்துக்கு வருகிறேன். லினக்ஸ் ஏறும்போது தொங்கி நின்றதால், பூட் வரியில் (ஏறும்போது கேர்னலுக்குக் கொடுக்கும் கட்டளை வரி) ஏசிபிஐயை, அதாவது வன்பொருள் விவரத்தைக் கேர்னலுக்குச் சொல்லும் ஏற்பாட்டை, நிறுத்தும் சொல்லைச் சேர்த்ததாக எழுதியிருந்தீர்கள். என் கண் அதில்தான் நிற்கிறது. எச்பெட், பவர் மனேஜ்மென்ட் டைமர் இரண்டும் எங்கே இருக்கின்றன என்பதைக் கேர்னல் ஏசிபிஐ அட்டவணையில் பார்த்துத்தான் அறிகிறது. அதை மூடினால் இரண்டும் கண்ணுக்குத் தெரியாமல் போகும். டிஎஸ்சியும் பழைய செயலியில் நம்பத்தகாதது என்று தள்ளப்பட்டால் மிஞ்சுவது ஜிஃபீஸ். இன்னுமொரு சிக்கலும் உண்டு. ஓர் எண்ணி சரியாக ஓடுகிறதா என்று கேர்னல் இன்னொன்றை வைத்துக் காவல் பார்க்கும். வேறெதுவும் இல்லாதபோது ஜிஃபீஸே காவலாகிவிடும். அப்போது காவலாளி தூங்கினதற்கு நல்ல டிஎஸ்சி குற்றவாளியாகும். கேர்னல் பதிவில் ‘ரிஃபைன்ட் ஜிஃபீஸ்’ என்ற பெயரோடு டிஎஸ்சி நிலையற்றது என்ற வரி இருந்தால் இதுதான் நடந்திருக்கிறது.

சரி, இன்டரப்டை யார் தவறவிடச் செய்வது? இனி வருவது ஊகம், ஆனால் கணக்கோடு பொருந்துகிற ஊகம். தராசுக் காட்டி நிறையை சீரியல் வயரில் 9600 வேகத்தில் அனுப்புகிறது என்று வையுங்கள். ஓர் எழுத்துக்குப் பத்து பிட், ஒரு மில்லி செக்கனுக்குச் சற்று மேல். ஒரு நிறை வரி பதினாறு எழுத்து என்றால் ஏறக்குறைய 16.7 மில்லி செக்கன். மோசமாக எழுதிய மொடியூல், வரி முழுதும் வரும்வரை எல்லா இன்டரப்டையும் அடைத்துவிட்டு அந்த இடத்திலேயே சுற்றிக்கொண்டு காத்திருக்கும். அந்த இடைவெளியில் டைமர் நாலு தடவை தட்டியிருக்கும். வன்பொருள் ஒரு தட்டலை மட்டுமே நினைவில் வைத்திருக்கும், மற்ற மூன்றும் போய்விடும். ஆக ஒரு நிறை வரிக்கு 12 மில்லி செக்கன் நட்டம். உங்களுக்குச் செக்கனுக்கு 16.7 மில்லி செக்கன் குறைகிறது. தராசு செக்கனுக்கு ஒன்றிரண்டு தடவை நிறையை அனுப்பினாலே அந்தளவு வந்துவிடும். காட்டியின் வேகமும் வரியின் நீளமும் வேறாக இருந்தால் எண்கள் மாறும், ஆனால் நடக்கிற விதம் இதுவாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம்.

ஊகத்தை நம்ப வேண்டாம், அளந்து பாருங்கள். கேர்னலின் சிஸ் கோப்புத் தொகுதியில் கிளாக்சோர்ஸ் என்ற அடைவுக்குள், இப்போது எந்த எண்ணி பாவனையில் இருக்கிறது, வேறு எவை கிடைக்கின்றன என்று சொல்லும் இரண்டு சிறு கோப்புகள் உண்டு. முதலில் அவற்றை வாசியுங்கள். ஜிஃபீஸ் என்றோ, பழைய பிஐடி டைமரின் பெயரோ இருந்தால் பாதி விடை வந்துவிட்டது. அப்புறம் ப்ரொக் கோப்புத் தொகுதியில் இன்டரப்ட் எண்ணிக்கை இருக்கிறது. டைமர் வரியின் எண்ணைக் குறித்துக்கொண்டு, கைத்தொலைபேசியின் ஸ்டொப்வாட்சில் பத்து நிமிடம் விட்டுத் திரும்பக் குறியுங்கள். 250 ஹேர்ட்ஸ் என்றால் 1,50,000 கூடியிருக்க வேண்டும். 1,47,500 அளவில் நின்றால் நேரம் தொலைகிற இடத்தைக் கையால் பிடித்துவிட்டீர்கள். ஒரு நிமிடம் மட்டும் அளந்தால் விரல் பிந்துவதே பெரிய பிழையாகிவிடும், அதனால்தான் பத்து நிமிடம் என்கிறேன். மறுகா தராசு வயரைக் கழற்றி, மொடியூலையும் இறக்கிவிட்டு, அதே பத்து நிமிடம். எண் நிறைந்து வந்தால் குற்றம் மொடியூலில்தான்.

ஒப்பிடும்போது ஒரு விஷயத்தில் கவனம். கேர்னல் தருகிற மொனோட்டோனிக் (பின்னுக்குப் போகாத) கடிகாரத்தையும் சுவர் நேரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இரண்டும் சேர்ந்து ஓடுகிறதே என்று ஆறுதல் அடைபவர்களைக் கண்டிருக்கிறேன். இரண்டும் ஒரே எண்ணியிலிருந்து வருபவை, பிந்தினால் சேர்ந்தே பிந்தும். தனிப் பளிங்கில் ஓடுகிற ஆர்டிசியோடு ஒப்பிடுங்கள், அல்லது வெளியே உள்ள தொலைபேசியோடு.

திருத்தம் இரண்டு இடத்தில். ஏசிபிஐயைத் திரும்ப விடுங்கள். ஏறும்போது தொங்குவதற்குப் பெரும்பாலும் ஏசிபிஐயின் ஒரு பகுதிதான் காரணமாக இருக்கும், முழுவதையும் மூடத் தேவையில்லை. மதர்போர்டின் தொடக்க மென்பொருளான பயோஸைப் புதுப்பித்தோ, இன்டரப்ட் பங்கீட்டை மட்டும் தவிர்க்கும் பூட் சொல்லைப் போட்டோ பாருங்கள். பவர் மனேஜ்மென்ட் டைமர் கிடைத்தால் இன்டரப்ட் தவறினாலும் நேரம் தவறாது. டிஎஸ்சியை நம்பு என்று கட்டாயப்படுத்தும் பூட் சொல்லும் ஒன்று உண்டு. செயலியின் விவரக் கோப்பில், வேகம் மாறாத டிஎஸ்சி, நிற்காத டிஎஸ்சி என்ற இரண்டு அடையாளமும் இல்லாவிட்டால் அதைத் தொடவே வேண்டாம். அடுத்தது மொடியூல். இதை நான் திருத்தச் சொல்லவில்லை, தூக்கி எறியச் சொல்கிறேன். சீரியல் வாசலை வாசிக்கக் கேர்னலில் ஏற்கெனவே நல்ல டிரைவர் இருக்கிறது, எழுத்து வரும்போது மட்டும் இன்டரப்ட் தரும். அதைத் திறந்து வரி வரியாக வாசிக்கிற சிறிய பைதன் நிரலை உங்கள் கம்பஸ் கூட்டாளி ஓர் இரவில் எழுதிவிடுவார். நிறையை வாசிப்பதற்குக் கேர்னலுக்குள் வேலையே இல்லை.

பிந்துகிற அளவைக் கேர்னலில் கூட்டிவிடும் உங்கள் யோசனையை ஏன் மறுக்கிறேன் என்பதையும் சொல்ல வேண்டும். நட்டம் தராசு அனுப்புகிற வரிகளைப் பொறுத்தது. தராசு ஓய்ந்திருக்கும் நாளில் நிலையான எண்ணைக் கூட்டினால் நேரம் முந்தும். பிறகு யாரோ கையால் பின்னுக்கு இழுப்பார்கள். லொறியை நெல்லோடு நிறை பார்த்த நேரத்தைவிட, வெறும் லொறியை நிறை பார்த்த நேரம் முன்னதாகப் பில்லில் விழும். நெல் கொண்டுவந்த விவசாயி அந்தப் பில்லைப் பார்த்துவிட்டு நிறையையும் சந்தேகப்படுவார், அதில் நியாயமும் இருக்கிறது.

இவ்வளவும் செய்தும், நல்ல எண்ணியோடு, மொடியூல் இல்லாமல், இன்னும் பிந்தினால் அப்போது கேர்னலைச் சந்தேகிக்கலாம். உண்மையான கேர்னல் நேரப் பிழைகள் எப்படி இருக்கும் என்பதற்கு அதே பவர் மனேஜ்மென்ட் டைமரைப் பாருங்கள். அது 24 பிட், 1,67,77,215 வரை போய் மோட்டார் சைக்கிள் மீற்றர் மாதிரித் திரும்பப் பூச்சியத்துக்கு வரும். ஒரு சுற்று 4.69 செக்கன். போன வாசிப்பு 1,67,77,000, இப்போது 500 என்று வையுங்கள். கழித்தால் மறை எண் வரும். ஆனால் விடையின் கீழ் 24 பிட்டை மட்டும் எடுத்தால் 716 என்று சரியாக வந்துவிடும். புதிதாக எழுதுபவர்கள் இந்த இடத்தில் ‘சிறியதாக இருந்தால்’ என்று நிபந்தனை போட்டுக் குழப்புவார்கள், தேவையில்லை. ஆபத்து வேறு இடத்தில். கேர்னல் ஒரு முழுச் சுற்றுக்கு மேல் வாசிக்காமல் இருந்துவிட்டால் அந்தச் சுற்று போனது போனதுதான், எந்தக் கழித்தலும் அதைக் காட்டாது. வேலையில்லாதபோது டைமர் தட்டலை நிறுத்தி நெடுநேரம் உறங்கும் வசதி கேர்னலுக்கு வந்தபோது, எண்ணி சுற்றி முடியுமுன் கட்டாயம் எழும்ப வேண்டும் என்ற எல்லையையும் சேர்க்க வேண்டியிருந்தது இதனால்தான். இந்த வகைப் பிழை என்றால் நேரம் மெல்லப் பிந்தாது, 4.69 செக்கன் கட்டிகளாகக் குறையும். கட்டியின் அளவு எந்த எண்ணி என்று சொல்லிவிடும்.

இன்னொரு வகை பெருக்கலில் வரும். இந்த டைமரின் ஒரு தட்டல் 279.365 நனோ செக்கன். தசமத்தை விட்டு 279 என்று வைத்தால் ஒரு நாளைக்கு 113 செக்கன் பிந்தும். அதனால் கேர்னல் பெரிய எண்ணால் பெருக்கிப் பிறகு பிட்டுகளை வலப்பக்கம் தள்ளும். எண் பெரிதானால் நுட்பம் கூடும், ஆனால் 64 பிட் நிரம்பி வழியும் நாளும் கிட்ட வரும். பழைய 2.6 கேர்னல்களில் டிஎஸ்சிக் கணக்கு ஒன்று ஏறக்குறைய 208 நாள் நிறுத்தாமல் ஓடினால் வழிந்தது, அந்த வயதைத் தொட்ட சேர்வர்கள் விழுந்தன. நனோ செக்கனில் இரண்டின் 54ஆம் அடுக்கு எத்தனை நாள் என்று கணக்குப் பார்த்தால் அதே 208 வரும்.

இப்படி நாள் கணக்கில் காத்திருக்கும் பிழையைச் சோதிக்க, கேர்னலை எழுதியவர்கள் செய்திருக்கும் ஒரு வேலை எனக்கு மிகப் பிடிக்கும். 32 பிட் ஜிஃபீஸ் 1000 ஹேர்ட்ஸில் 49.7 நாளில் வழியும். அதைப் பூச்சியத்தில் தொடங்காமல், வழிவதற்கு ஐந்து நிமிடம் இருக்கும் எண்ணில் தொடங்க வைத்திருக்கிறார்கள். பிழையான டிரைவர் ஐம்பதாம் நாளில் மில்லை நிறுத்தாமல், எழுதியவரின் மேசையிலேயே ஐந்தாம் நிமிடத்தில் விழும். நீங்கள் எப்போதாவது எண்ணி டிரைவர் எழுதினால் இதையே செய்யுங்கள்.

முந்திய கேர்னலில் சரியாக இருந்து புதியதில் பிழைத்தது என்றால் வேலை இன்னும் எளிது. ஒரு பதிப்புக்கும் அடுத்ததுக்கும் இடையே பத்தாயிரத்துக்கு மேல் மாற்றங்கள் இருந்தாலும், கிட் பைசெக்ட் என்ற கருவியில் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டு போனால் பதினாலு தடவைக்குள் குற்றமான மாற்றத்தில் போய் நிற்கும். திருத்தத்தைக் கேர்னல் எழுதுபவர்களுக்கு அனுப்பும்போது, சோதித்த எண்ணியின் பெயர், கணினியின் விவரம், பிந்திய அளவு மூன்றையும் எழுதுங்கள். கேர்னலோடு வரும் சோதனை அடைவில் டைமர்களுக்கென்றே ஒரு தொகுதி இருக்கிறது, நேரம் பின்னுக்குப் போகிறதா என்று ஓயாமல் பார்க்கும் நிரலும் அதில் உண்டு. அதை ஓட்டாமல் எதையும் அனுப்ப வேண்டாம். நேரப் பகுதியில் சிறிய மாற்றம் எங்கே போய் இடிக்கும் என்று சொல்ல முடியாது. 2012 ஜூன் கடைசியில் ஒரு லீப் செக்கன் (பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போக உலக நேரத்தில் கூட்டும் ஒரு செக்கன்) சேர்ந்தபோது, நம் நேரம் ஜூலை 1 அதிகாலை ஐந்தரைக்கு, உலகெங்கும் எத்தனையோ லினக்ஸ் சேர்வர்கள் செயலியை முழு மூச்சாக ஓட்டித் திணறின. நேரம் சரியாகத்தான் மாறியது. மாறியதை நுண் டைமர் பகுதிக்குச் சொல்லாமல் விட்டதுதான் குற்றம். திகதியை ஒருதரம் திரும்பப் போட்டவுடன் சரியாயிற்று.

வேளாண்மை வெட்டுக்கு முன் இதையெல்லாம் செய்ய நேரமில்லை என்றால், தற்காலிகமாகக் குரோனி என்ற நேரம் சரிசெய்யும் மென்பொருளைப் போடுங்கள். விட்டுவிட்டு வருகிற இன்டர்நெட்டுக்கும் அது ஏற்றது, நான் மேலே சொன்ன 500 எல்லைக்கு அப்பாலும் கேர்னலின் தட்டல் அளவை மாற்றி வேகத்தைத் திருத்தும். தராசு ஓய்ந்திருக்கும் நேரத்தில் கொஞ்சம் முந்தும், பரவாயில்லை. கிளாக்சோர்ஸ் கோப்புகள் இரண்டிலும் என்ன இருக்கிறது, வயர் போட்டும் கழற்றியும் பத்து நிமிடத்தில் டைமர் எண் எவ்வளவு கூடியது, இந்த நாலையும் எழுதி அனுப்புங்கள். மொடியூலை இறக்கியும் எண் குறைகிறதென்றால் நான் சொன்ன ஊகம் பிழை. அப்போது பயோஸ் இன்டரப்டைத் திருடுகிறதா என்று பார்க்கும் வழியை எழுதுகிறேன்.